தொட்டிக்குள் புயல்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். முழங்கால் வலியைத் தைலம் தேய்த்தே ஓட்டாதே, போய்க் காட்டு.

"பொம்மையை மிதக்கவிட்டா சம்பளம் வாங்குகிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதேதான்! முப்பந்தலில் பார்க்கிறோமே மின்சாரம் எடுக்கும் காத்தாடி, அதைக் கடலில் மிதக்கவிடும் மேடை. முக்கோணமாக மூன்று தூண், நடுவில் ஒன்று, அதன் மேல் 5 மெகாவாட் காத்தாடி. அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகக் குழு சோதித்து, எல்லோரும் பயன்படுத்த வெளியிட்ட வடிவம். நாங்கள் பழகுவதற்காக அதை ஐம்பதில் ஒரு பங்காகச் செய்து, அலை எழுப்பும் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதிக்கிறோம்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐம்பதில் ஒன்று என்றால் எடை 1,25,000-ல் ஒன்று. அசல் இறக்கை 61.5 மீட்டர், 17 டன்னுக்கு மேல். மாதிரியில் அது 1.23 மீட்டர் நீளம் வர வேண்டும், எடையோ சுமார் 140 கிராம்தான். ஒரு மாம்பழம்கூட அதைவிடக் கனக்கும். மூன்று இறக்கை, மோட்டார், உணர்கருவிகள் என்று கோபுரத்தின் உச்சியில் இருப்பதெல்லாம் சேர்ந்து 2.8 கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் இங்கே ஒவ்வொரு திருகாணியும் தராசில் ஏறி இறங்குகிறது. உன் பட்டறையில் ரெசின் ஒரு கை கூடினால் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே உச்சியில் நூறு கிராம் கூடினால் மேடை ஆடுகிற விதமே மாறிவிடும். அடிப்பக்கம் பிரச்சினை இல்லை, நூறு கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறது.

நேரமும் சுருங்கும், ஆனால் ஐம்பதின் வர்க்கமூலப்படி, ஏழில் ஒரு பங்காக. மூன்று மணி நேரப் புயலை 25 நிமிடத்தில் அடித்துவிடலாம், பத்து மீட்டர் அலை இருபது சென்டிமீட்டர்தான். 1872-லேயே இங்கிலாந்தில் டார்க்கீ ஊரில் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கத் தொட்டி கட்டிய பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் காட்டிய வழி இது.

அலைக்குச் சரிப்படுகிற இந்தக் கணக்கு காற்றிடம் பலிக்காது. கணக்குப்படி காற்றின் வேகத்தைக் குறைத்தால், சின்ன இறக்கையில் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுகிறது, காற்று காத்தாடியைத் தள்ளும் விசையும் படுத்துவிடுகிறது. 2011-ல் நெதர்லாந்தில் மாரின் என்ற கடல் ஆய்வு நிலையத்தின் தொட்டியில் இந்த மேடையைச் சோதித்தவர்களுக்கும் இதே தலைவலி. கணக்கை மீறிக் காற்றைக் கூட்டினார்கள், அப்புறம் அகலமான இறக்கையாகவே மாற்றிச் செய்தார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி. அசலைப் போலத் தெரிவதைவிட அசலைப் போலத் தள்ளுவதுதான் முக்கியம். பார்க்க வருகிற பெரியவர்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை, "இறக்கை ஏன் இப்படி இருக்கிறது?" என்பார்கள்.

எனக்குப் பிடித்தது அலையே இல்லாத சோதனைதான். மேடையை ஒரு பக்கம் அழுத்திவிட்டு விடுவோம். இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர நாலு வினாடிக்குள். கடலில் அது 25 வினாடிக்கு மேல். கடல் அலை அவ்வளவு மெதுவாக வராது, அதனால் மேடை அலையோடு சேர்ந்து தாளம் போடாமல் தப்பிக்கும்.

ஒரு உதவி வேண்டும். ரெசினை வாக்குவம் வைத்து அச்சுக்குள் உறிஞ்சி இழுக்கிற முறையை உங்கள் பக்கம் யாராவது செய்கிறார்களா? அடுத்த இறக்கைகளை நாங்களே வார்க்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. ஆள் இருந்தால் நம்பர் அனுப்பு, பொங்கலுக்கு வரும்போது நேரில் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
செல்வம்