கொசப்பேட்டை என்ற பெயரைக் காக்கவும், அதன் பொருளைப் பெயர்ப் பலகையில் எழுதவும் கோரும் மனு

அனுப்புநர்:
கொசப்பேட்டையில் வசிக்கும் மண்பாண்ட, பொம்மைத் தொழில் குடும்பங்கள் மற்றும் குடியிருப்போர்,
கொசப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: தெருக்கள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றின் பெயர்களை மறு ஆய்வு செய்யும்போது கொசப்பேட்டை என்ற தொழில்வழிப் பெயரை மாற்றாமல் வைத்திருக்கவும், அதை ஒரே எழுத்துமுறையில் எழுதவும், பெயரின் வரலாற்றைச் சொல்லும் பலகை அமைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

கொசப்பேட்டையில் பிறந்து, இங்கேயே களிமண் பிசையக் கற்று, இங்கேயே பிள்ளைகளை வளர்த்துவரும் குடும்பங்களின் சார்பில் இந்த மனுவை எழுதுகிறேன். என் பாட்டனார் திருகை சுற்றிப் பானையும் சட்டியும் வனைந்தவர். என் தந்தையார் காலத்தில் அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டதால், அவர் பொம்மைக்கு மாறினார். இன்று நாங்கள் விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளும், கார்த்திகைக்கு அகல் விளக்குகளும் செய்து பிழைக்கிறோம். கொலு வைக்கும் பல வீடுகளுக்கு எங்கள் பகுதியின் பெயர் பழக்கமானது. அந்தப் பெயரைப் பற்றியதே இந்த மனு.

2025 ஏப்ரல் மாதம் மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளுடன் அரசாணை வெளிவந்தது. இதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஒரு தெருவின் பெயரைச் சொன்னவுடன் அங்கு வாழ்பவரை ஒதுக்கிவைக்க முடியும் என்றால் அந்தப் பெயர் மாறித்தான் ஆக வேண்டும். பிறர் தம்மை இழிவுபடுத்தவே சூட்டிய பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்கள் அதைத் தூக்கி எறிய விரும்பினால், அந்த உரிமையில் கருத்துச் சொல்ல எங்களுக்கு இடமே இல்லை. ஆனால் எங்கள் பகுதியில், 'நம் பேட்டையின் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிடுமோ' என்ற கவலைப் பேச்சு எழுந்திருக்கிறது. அந்தக் கவலை காரணமற்றது என்றே நம்ப விரும்புகிறோம். ஆயினும், பெயரின் பொருள் தெரியாமல் ஒருவர் கோப்பில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று என்பதால், முன்கூட்டியே எங்கள் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

கொசப்பேட்டை என்பது குயவர்பேட்டைதான். உயரம் என்பதை ஒசரம் என்றும், முயலை மொசல் என்றும் சொல்லும் நாவு, குயவரைக் கொசவர் என்று சொல்கிறது. மூன்று சொற்களிலும் நடப்பது ஒன்றே: உகரம் ஒகரமாகிறது, யகரம் சகரமாகிறது. இதைச் சிலர் கொச்சை என்று ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்குவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பழைய செப்பேடுகளில், ஊர்களுக்கு உரிய வரிகளும் கடமைகளும் வரிசையாகச் சொல்லப்படும் இடத்தில் குசக்காணம் என்று ஒரு வரி வருகிறது. அது குயவர் செலுத்திய வரி. நெசவாளர், தட்டார், வண்ணார் ஆகியோருக்கு உரிய தறிக்கூறை, தட்டாரப்பாட்டம், வண்ணாரப்பாறை ஆகிய வரிகளும் அதே வரிசையில் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசின் ஆவணத்திலேயே இடம்பெற்ற 'குச' என்ற வடிவம், இன்று எங்கள் பேட்டையின் பெயரில் 'கொச' என்று வாழ்கிறது. அரசுக்கு வரி கொடுத்த கைகளின் பெயர் அது.

இந்தப் பெயர் சென்னைக்கு மட்டும் உரியதுமன்று. வேலூரிலும் ஒரு கொசப்பேட்டை உண்டு. மதுரையில் குயவர்பாளையம் இருக்கிறது. புதுச்சேரியிலும் குயவர்பாளையம் இருக்கிறது, அதை மக்கள் கொசப்பாளையம் என்றும் சொல்வார்கள். எங்கள் பேட்டைக்கு அருகிலேயே சூளை என்ற பகுதி இருக்கிறது. வனைந்ததைச் சுடும் இடத்துக்கும் செங்கல் சுடும் இடத்துக்கும் தமிழில் அதே சொல்தான். மண்ணைக் குழைத்தவர் பெயரில் ஒரு பேட்டையும், மண்ணைச் சுட்ட இடத்தின் பெயரில் ஒரு பகுதியும் அக்கம்பக்கமாக இருக்கும் நகரம் இது. பவழக்காரத் தெருவும் தங்கசாலையும் இதே நகரத்தில்தான் உள்ளன. பவழம் விற்றவரின் பெயரைத் தெருவுக்கு வைத்திருப்பதில் இழிவு காணாத நாம், பானை செய்தவரின் பெயரில் மட்டும் இழிவைத் தேட வேண்டியதில்லை.

மனிதரும் இந்தப் பெயரையே தாங்கி வந்திருக்கிறார்கள். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டரைச் சுந்தரர் 'குயவனார்' என்றே பாடி வணங்கினார். அறுபத்துமூவரில் அவர் ஒருவர். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, சங்க காலத்தில், வெண்ணிக் குயத்தியார் என்ற புலவர் இருந்தார். ஊர்ப் பெயரும் தொழிற்பெயரும் மட்டுமே அவருடைய பெயராக நமக்குக் கிடைத்துள்ளன. பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எவருக்கும் தெரியாது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் கோவில்வெண்ணி எனப்படும் ஊரே அந்த வெண்ணி. அங்கு நடந்த போரில் கரிகாலன் சேரனை வென்றபோது, அந்தக் குயவர் வீட்டுப் பெண், வென்றவன் முன்னிலையிலேயே, முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த தோற்றவனை 'உன்னைவிட நல்லவன்' என்று பாடினார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டு அது. அறுவை வாணிகன் (துணி வணிகர்), கூலவாணிகன் (தானிய வணிகர்), கொல்லன் என்றெல்லாம் தொழிலைப் பெயரோடு சேர்த்து வழங்கிய புலவர்கள் அந்தத் தொகை நூல்களில் வேறு பலரும் இருக்கிறார்கள். என் மகளுக்கு வெண்ணிக் குயத்தியாரின் கதையைச் சொன்ன அன்று அவள் கேட்ட கேள்வி, 'அப்படியென்றால் அவர் நம் ஆளா?' என்பது. ஆம் என்று சொன்னேன். இதைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏனெனில் அதே மகள், அதற்குச் சில மாதங்கள் முன்பு, பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். உடன் படிக்கும் பிள்ளைகள் அவள் முகவரியைக் கேட்டுவிட்டு, 'கொசுப்பேட்டை' என்று சிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கொச என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. பொருள் மறைந்துபோன பெயர், கேட்பவர் காதில் எதுவாக விழுகிறதோ அதுவாகவே ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கு வேறு விதமான தொல்லை. ஓர் அட்டையில் கொசப்பேட்டை, இன்னொன்றில் கோசாபேட், மூன்றாவதில் கொசபேட்டை என்று இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளில் இன்னும் இரண்டு மூன்று வகை உண்டு. தொழிற்கடன் கேட்டுச் சென்ற இடத்தில், முகவரிச் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு மண் வாங்கக் கைமாற்றுத்தான் வாங்கினேன்.

பெயரின் பொருள் மறைந்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-இல், நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக உருவான சின்னத் தறிப் பேட்டை, இன்று சிந்தாதிரிப்பேட்டை. அந்தப் பெயரில் தறியின் ஓசையை இன்று கேட்பவர் எத்தனை பேர்? ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையோ, தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட வேறொன்றாகவும் இரண்டு பெயர்களில் வாழ்கிறது. 2020 ஜூன் மாதம், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை வெளியாகி, அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அந்த முயற்சியின் நோக்கம் நல்லதே என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எழுத்தைத் திருத்துவதற்கு முன் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்தந்த ஊர்க்காரரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அது நிலைத்திருக்கக்கூடும்.

எங்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 'குசவன்' என்று ஒருமையில் அழைக்கப்பட்டு அவமானப்பட்ட பெரியவர்கள் சிலர், பெயரே போனால் போகட்டும் என்கிறார்கள். அவர்கள் வலி உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழில் 'அன்' ஈற்றுக்கும் 'அர்' ஈற்றுக்கும் இடையே ஒரு மனிதரின் மானமே அடங்கியிருக்கிறது என்பது, அப்படி அழைக்கப்பட்டவருக்குத் தெரியும். ஆனால் அந்த அவமானம் அழைத்தவரின் நாவில் இருந்தது. பானையிலும் இல்லை, பேட்டையிலும் இல்லை. அரசும் தன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் குலாலா என்ற தலைப்பின் கீழ்க் குயவர் என்ற பெயரை வைத்திருக்கிறது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கென நல வாரியமும் நடத்துகிறது. தென் மாவட்டங்களில் எங்கள் தொழிலைச் செய்வோர் வேளார் எனப்படுகிறார்கள்; மானாமதுரையில் அவர்கள் வனையும் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. தொழிலுக்கு இத்தனை மதிப்புச் செய்த பிறகு, அந்தத் தொழிலின் பெயரால் வழங்கும் இடத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடக் கூடாது. மேலும், இன்று கொசப்பேட்டையில் வாழ்பவர்களில் பலர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களும் இந்த மனுவில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். இது ஒரு சாதியின் அடையாளம் என்பதைவிட, ஒரு பகுதி எப்படி உண்டானது என்பதன் நினைவு என்றே அவர்களும் கருதுகிறார்கள்.

ஆகவே, பெயர் மறு ஆய்வு எப்போது நடந்தாலும், கொசப்பேட்டையில் வாழ்வோரைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்காமல் இந்தப் பெயரை மாற்ற வேண்டாம் என்று முதலாவதாகக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்து, மாநகராட்சியின் தெருப் பலகைகள், சொத்து வரி ரசீதுகள், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் அனைத்திலும் 'கொசப்பேட்டை' என்று பகர ஒற்றுடன் ஒரே மாதிரி எழுதவும், ஆங்கிலத்திலும் இந்த ஒலிப்புக்கு நெருக்கமான ஓர் எழுத்துமுறையை முடிவு செய்து எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்தவும், பிற துறைகளுக்கும் இதைத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம். பழைய எழுத்துமுறையில் உள்ள ஆவணங்கள் செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், எங்களைப் போல் அலைந்தவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாவது வேண்டுகோளே எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது. பேட்டையின் நுழைவில், குயவர்பேட்டை எப்படிக் கொசப்பேட்டை ஆயிற்று, இங்கு என்ன செய்தார்கள், இன்னும் என்ன செய்கிறார்கள் என்பதை ஐந்தாறு வரிகளில் சொல்லும் ஒரு பலகையை அமைத்துத் தர வேண்டும். அதைத் தகரத்தில் எழுதாமல், சுட்ட மண் ஓடுகளில் செய்து சுவரில் பதிக்க அனுமதி தர வேண்டுகிறோம். வண்ணம் அடித்த தகரம் சில மழைக்காலங்களில் துருப்பிடித்துவிடும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அந்தப் பானைகளை வைத்திருந்தவர்களின் பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் படிக்கும்படி இருக்கின்றன. பெயரை எழுத இதைவிடத் தகுந்த பொருள் எங்களுக்குத் தெரியாது.

இந்தப் பலகைக்கு மாநகராட்சி கூலி எதுவும் தர வேண்டாம். மண்ணும் வேலையும் எங்களுடையவை. ஓடுகளை அச்சில் வார்க்காமல் கையாலேயே செய்து, எழுத்துகளைப் பச்சை மண்ணில் கீறிச் சுட்டுத் தருவோம். எழுத்தில் இடம்பெற வேண்டிய வரிகளைத் தமிழறிந்த தங்கள் அலுவலர் ஒருவர் பார்த்துத் திருத்தி ஒப்புதல் தந்தால் போதும். இடத்தையும் அளவையும் தாங்களே முடிவு செய்யலாம். நவராத்திரி முடிந்து கார்த்திகை அகல் வேலை தொடங்குவதற்கு இடையில் எங்களுக்குச் சில வாரங்கள் ஓய்வு உண்டு. அதற்குள் உத்தரவு கிடைத்தால், மழை வலுப்பதற்கு முன் ஓடுகளைக் காயவைத்துச் சுட்டுவிடலாம் என்பதால், இந்த மனுவைக் கனிவுடன் பரிசீலித்து விரைந்து ஆணையிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: குடியிருப்போரின் கையொப்பப் பட்டியல், வெவ்வேறு எழுத்துமுறைகளில் பகுதியின் பெயர் இடம்பெற்ற ஆவணங்களின் நகல்கள், பலகைக்கான மாதிரி ஓடு ஒன்று.

இடம்: கொசப்பேட்டை, சென்னை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொசப்பேட்டை மண்பாண்ட, பொம்மைத் தொழில் குடும்பங்கள் மற்றும் குடியிருப்போர்