‘உங்கள் மேலாளர் ஊக்கமளிக்கிறாரா?’ என்று கேட்கும் மனிதவளத் துறைக்கு

மனிதவளத் துறையினருக்கு வணக்கம்.

இந்த வருஷமும் தலைமைப்பண்பு சர்வே வந்து சேர்ந்தது. ‘உங்கள் மேலாளர் ஊக்கமளிக்கிறாரா?’ 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். நான் 4 போட்டேன். பெயர் கேட்கமாட்டோம் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலேயே எந்த டீம், எத்தனை வருட அனுபவம் என்று கேட்கிறீர்கள். எங்கள் டீமில் மொத்தமே ஐந்து பேர், அதில் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள ஆள் நான் ஒருத்திதான். வேறென்ன போடுவேன்?

சரி, பயம் ஒருபக்கம் இருக்கட்டும். கேள்வியே சரியில்லை. மேலாளர் சொன்னதை நாங்கள் செய்கிறோமா என்று உங்களுக்குத் தெரியும், ஏன் செய்கிறோம் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

ஒரு நாள் மாலை கிளம்பும் நேரத்தில் மேலாளர் வந்து, “இதை இன்னைக்கே முடிச்சிடலாமா?” என்றார். சிரித்த முகம்தான். போகும்போது, “உங்க ப்ரமோஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு” என்று ஒரு வார்த்தை. இரவு பதினொரு மணிக்கு முடித்துக் கொடுத்தேன். இவருக்கு முன்னால் இருந்தவருக்காகவும் அதே மாதிரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, எந்தக் கணக்கு தவறினால் மறுநாள் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று காட்டிவிட்டு, தானும் கிளம்பாமல் இருந்தார். உங்கள் ஏட்டில் இரண்டுமே ‘குறித்த நேரத்தில் முடிந்தது’ என்று ஒரே வரிதான்.

ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்: தண்டிப்பார், பலன் தருவார், பதவியில் இருக்கிறார், விஷயம் தெரிந்தவர், அவரைப் பிடிக்கும். பணிந்து போக ஐந்து காரணங்கள். விவரம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதை ரேவன் பிறகு ஆறாவதாகச் சேர்த்தார்.

அடுத்த சர்வேயில் இந்த ஐந்தை வரிசைப்படுத்தச் சொல்லப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். வரிசைப்படுத்தினால் ஒன்று மேலே போக இன்னொன்று கீழே இறங்கியே ஆக வேண்டும், மிரட்டவும் செய்கிற, விஷயமும் தெரிந்த மேலாளரை எங்கே வைப்பது? பழைய ஆய்வுகள் பல இப்படித்தான் அளந்தன, 1985-ல் போட்சகாஃப், ஷ்ரீஷெய்ம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ‘என் மேலாளரால் என் வேலையைக் கஷ்டமாக்க முடியும்’ என்ற வகைக் கேள்வியும் எனக்குப் போதாது. எந்த மேலாளராலும் அது முடியும், முன்னால் இருந்த அந்த நல்ல மனிதராலும் முடிந்திருக்கும். அவர் அதைக் கையில் எடுத்தாரா என்பதுதானே விஷயம்.

ரேவனும் இன்னும் இருவரும் 1998-ல் வெளியிட்ட கேள்வித்தாளைப் பாருங்கள். முதலில் தயங்கி, கடைசியில் மேலாளர் சொன்னபடியே செய்த ஒரு சூழலை நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, 33 வாக்கியங்களில் ஒவ்வொன்றும் எந்த அளவுக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்கிறது. அதையே மேலாளரிடமும் கேளுங்கள், இரண்டு பதில்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க எனக்கே ஆசை. ஐந்து பேர் டீமின் முடிவைத் தனியாகக் காட்டாமல் பெரிய பிரிவோடு சேர்த்துக் காட்டுங்கள்.

அப்புறம், சர்வேயை நிரப்பச் சொல்லும் பொறுப்பை மேலாளர்களிடமே கொடுக்காதீர்கள். போன வாரம் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் கேட்டார், “போட்டாச்சா?” என்று.