கழுத்துப்பட்டையைத் துவைத்துவிடாதே

சென்னை, மயிலாப்பூர்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய புகைப்படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து, மாலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், சேலத்தில் சினிமாவுக்குத் தைத்துக்கொடுத்த ஒரு தையற்காரர் குடும்பத்தின் தகரப் பெட்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் உடுப்பு ஒன்று தொப்பி, கிராஸ் பெல்ட், விசில் கயிறு உட்பட முழுமையாக உன் கைக்கு வந்திருக்கிறது என்று படித்த பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அதைச் சலவைக்குப் போட்டு, பித்தளையைத் துலக்கி, தவறாக இருக்கும் ஸ்டார்களைச் சரிசெய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நண்பா, இந்த மூன்றில் எதையும் செய்துவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பார். மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு கறை படிந்திருந்தால், அது பெரும்பாலும் வியர்வைக் கறையாக இருக்காது, நடிகரின் கழுத்தில் பூசிய பான்கேக் ஒப்பனையாகவே இருக்கும். ஸ்டேஷனில் பணியாற்றிய காவலரின் சட்டையில் அந்தக் கறைக்கு வேலையில்லை. ஆகவே அந்த உடுப்பு கேமராவுக்கு முன்னால் நின்றது என்பதற்கு நம்மிடம் இருக்கும் முதல் சாட்சி அதுதான், ஒரே ஒரு சலவையில் அது போய்விடும். கழுத்துக்குக் கீழேயோ இடுப்பு மடிப்பிலோ கரிய மையில் சில புள்ளிகளும் கோடுகளும் தென்பட்டால் அவற்றையும் நெருங்கிப் படமெடுத்து வை. சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர்கள் இட்ட அந்தக் குறிகள் எத்தனை வெளுப்புக்கும் அழியாதவை. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு உடுப்புகளில் ஒரே குறி இருந்தால், அவை ஒரே இடத்தில் வெளுக்கப்பட்டவை என்றாவது துணிந்து சொல்லலாம். ஒருவர் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதியிருந்தால் அது இன்னும் நல்லது. துணை நடிகர்கள் பலருக்கு மாறி மாறிக் கொடுக்கப்பட்ட சட்டை அது என்று பொருள்.

அடுத்து தோள்பட்டை. இதில்தான் நீ மிகவும் பொறுமை காட்ட வேண்டும். உண்மையான காவல்துறையில் இன்ஸ்பெக்டருக்கும் மூன்று ஸ்டார், டி.எஸ்.பி.க்கும் மூன்று ஸ்டார். இன்ஸ்பெக்டரின் தோள்பட்டை ஓரத்தில் சிவப்பும் நீலமும் கொண்ட நாடா இருக்கும், டி.எஸ்.பி.க்கு அது இராது. சப்-இன்ஸ்பெக்டருக்கு அதே நாடாவுடன் இரண்டு ஸ்டார். கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் நீலமும் ஒன்றுபோலக் கருத்துப்போவதால், ஒரு மெல்லிய கரிய கோடு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் திரையில் இருப்பவர் இன்ஸ்பெக்டரா டி.எஸ்.பி.யா என்று கண்டுகொள்ள முடியும். நாடாவைப் பிரித்தெடுத்தால் இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி. ஆகிவிடுவார், ஒரு ஸ்டாரைக் கழற்றினால் சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவார். வாடகைக்குப் போய்த் திரும்பும் உடுப்புக்கு இந்த வசதி பெரிய சேமிப்பு. நீ அனுப்பிய படத்தில் வலத் தோளில் மட்டும் நாடா இருப்பதும், இடத் தோளின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிவதும் இப்படி ஒரு மாற்றத்தின் தடயமாகத்தான் எனக்குப் படுகிறது. நீ புதிய நாடா வாங்கித் தைத்தால் உடுப்பு சட்டப்படி சரியாகிவிடும், ஆனால் அது எத்தனை வேடம் மாறியது என்ற வரலாறு அத்துடன் மறைந்துபோகும். சினிமா உடுப்பில் இருக்கும் பிழைகளை நான் பெரிதும் மதிக்கிறேன். அவசரத்தில் படத்துக்காகச் செய்த ஒரு தீர்மானம் ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் இருக்கிறது.

எந்தக் காலத்து உடுப்பு என்று கேட்டிருந்தாய். 1950 ஜனவரி 26-இல் அசோகச் சிங்கம் அரசுச் சின்னமாக ஏற்கப்பட்டது, அதற்கு முன் சின்னங்களில் இருந்தது பிரிட்டிஷ் கிரீடம். 1969 ஜனவரி 14-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது, அதனால் பட்டைகளிலும் பொத்தான்களிலும் இருக்கும் எழுத்துகளும் ஓரளவு காலம் சொல்லும். ஆனால் பொத்தானை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடாதே. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். தயாரித்து 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை நினைத்துப் பார். பாட்டே இல்லாத அந்தக் கொலைத் துப்பறியும் படத்தின் கதை, சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட 1943-இல் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கதைக்காகப் பிற்காலத்தில் தைக்கும் உடுப்பில் கிரீடப் பொத்தான்தான் இருக்க வேண்டும். ஆகவே துணியின் வயது, பொத்தானின் வயது, கதையின் வயது மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். உன் பெட்டியில் சிவப்பு நிறத்தில் உருளை வடிவத் தொப்பி ஏதேனும் இருந்தால் அதையும் ஒதுக்கிவிடாதே. புதுச்சேரிக் காவலர்கள் பிரெஞ்சுக்காரர் வழியில் வந்த அப்படியொரு தொப்பியைத்தான் அணிகிறார்கள்.

எந்தப் படம் என்று கண்டுபிடிப்பது இவற்றையெல்லாம்விடக் கடினம். நீ சேலத்தில் இருப்பதால், டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1966-இல் ஜெய்சங்கர் நடித்து அங்கிருந்து வெளிவந்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 1970-இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' ஆகியவற்றின் தெளிவான பிரதிகள் கிடைத்தால் நிறுத்தி நிறுத்திப் பார். காக்கியின் நிறத்தையோ கையால் தீட்டிய சுவரொட்டியையோ வைத்து ஒப்பிடாதே. பை மூடியின் வெட்டு, பொத்தான் துளை நேர்க்கோட்டிலிருந்து விலகியிருப்பது, இழையோட்டிய இடம் போன்றவைதான் கையெழுத்தைப் போல உடுப்புக்கு உடுப்பு மாறுபடும். இப்படிக் குறைந்தது இரண்டு அடையாளங்களாவது பொருந்தாமல் படத்தின் பெயரைச் சீட்டில் எழுதாதே. "சிவாஜி 'தங்கப்பதக்க'த்தில் போட்டது" என்று சொல்லி வருகிறவர்கள் பலர். 1974-இல் வந்த அந்தப் படத்தில் அவர் எஸ்.பி. சௌத்ரி. எஸ்.பி.யின் தோளில் அசோகச் சிங்கம் இருக்க வேண்டும் என்ற ஒரு கேள்வியிலேயே பல கதைகள் நின்றுவிடும்.

இனி, பாதுகாப்பது பற்றி. பித்தளைச் சின்னங்களைத் தோலோடு சேர்த்து வைக்காதே, தோலில் இருக்கும் கொழுப்பும் அமிலமும் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். துலக்கும் பசை அச்சின் நுணுக்கங்களைத் தேய்த்துவிடும், துணியிலும் வெள்ளைப் பொடியாகப் படியும். கஞ்சி போட்ட துணி இராமபாணப் பூச்சிக்கு நல்ல விருந்து, அதனால் மாதம் ஒருமுறை நிழலில் விரித்துப் பார். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியே போதும். கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டால் தோள் தையல் இறங்கிவிடும், கிடத்தியே வை. நீ அனுப்பிய புகைப்படத்தில் ஓரமாகத் தெரியும் வெள்ளைக்காரத் துரையின் தொப்பி நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டால் செய்ததாக இருந்தால் அதை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காப்பதுதான் உனக்குப் பெரிய வேலையாக இருக்கும்.

ஆண்டுவிழாவில் பேரனுக்கு அந்த இன்ஸ்பெக்டர் தொப்பியை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாய். மேடையில் தவறில்லை. தன்னை அரசு ஊழியர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிவதுதான் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவின்படி குற்றம், அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இருந்தாலும் அசல் தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, பேரனுக்குப் புதிதாக ஒன்று தைத்துக் கொடு.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கொடுத்த குடும்பத்தில் அந்தக் காலத்தில் தைத்தவர் யாராவது இருந்தால், உடனே போய் அவர் சொல்வதைப் பதிவுசெய். அளவு எடுக்க நடிகர் வந்தாரா, துணி எங்கிருந்து வந்தது, ஸ்டார்களை அச்சடித்துச் செய்தார்களா அல்லது அட்டையில் ஜிகினா ஒட்டினார்களா, சண்டைக் காட்சியில் கிழிய வேண்டிய சட்டைக்குத் தையலை எப்படித் தளர்த்தினார்கள் என்றெல்லாம் கேள். அவருக்குப் பின் இதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்கு அடுத்த வாரம் போகிறேன். அசல் உடுப்புகளின் தோள்பட்டை அமைப்பைக் குறித்துவந்து உனக்கு அனுப்புகிறேன். அதற்குள் இடத் தோளின் ஊசித் துளைகளை அளவுகோல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
வேலாயுதம்