ஞாயிறு பினாங்குக் கொடிமலை ஏற்றம்: முதல் தடவை வருகிறவர்கள் கண்டிப்பாகப் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே, காலை 6.30க்கு தண்ணீர்மலை பூந்தோட்ட வாசலில் கூடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும், அதனால் தாமதம் வேண்டாம்.

இந்த முறை காட்டுப் பாதை இல்லை, ஜீப் போகும் தார்ச்சாலைதான், சுமார் 5 கிலோமீட்டர். தார்ச்சாலைதானே என்று நினைக்காதீர்கள், சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படி ஏறிப் பழகியவர்களுக்கே மூச்சு வாங்கும். உச்சி 833 மீட்டர். ஆரம்பத்தில் வேகம் காட்டாமல், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள், பேச்சு திணறினால் நின்றுவிடுங்கள். யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம், கடைசியில் வருபவரோடு நான் வருவேன்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு. புதுச் சப்பாத்து வேண்டாம், பழகியதே போதும். முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இறங்கும்போது விரல் முன்பக்கம் இடித்து நகம் கறுத்துப்போகும். சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் பார்த்தால் குரங்கு விடாது.

மேலே அருளொளி திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, முட்டி வலிப்பவர்கள் ரயிலில் இறங்கலாம், ஐசி (மலேசிய அடையாள அட்டை) இருந்தால்தான் உள்ளூர் கட்டணம். ரயில் அடிவாரத்தில் ஆயர் ஈத்தாமில்தான் விடும், உங்கள் காடி (கார்) பூந்தோட்டத்தில் இருக்கும், ஆயர் ஈத்தாமிலிருந்து கிராப் டாக்சி எடுக்க வேண்டும்.

இருதயப் பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடவும்.