நண்டு வலைக்கு ஒரு தீர்வு தாங்கோ: கடற்றொழில் அதிகாரி ஐயாவுக்கு திரும்பவும் ஒரு மனு

மதிப்பிற்குரிய கடற்றொழில் அதிகாரி ஐயா அவர்களுக்கு,

விடயம்: பாக்கு நீரிணை நண்டுத் தொழிலைக் காப்பாத்த இலங்கை, இந்தியா ரெண்டு நாடும் ஒரே ஒழுங்கைக் கொண்டு வரக் கோரல்

வணக்கம் ஐயா. இது சம்பந்தமா முந்தியும் எழுதினனாங்கள், சங்கத்துக்காலயும் தந்தம், கையெழுத்து வாங்கியும் தந்தம், கடிதம் கிடைச்சது எண்டு கூட ஒரு பதில் வரேல்ல. இதையாவது தயவுசெய்து முழுக்க வாசியுங்கோ. கிளிநொச்சிக் கரையில நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவு பக்கக் கடல் உங்களுக்குப் புதுசில்லை, எங்க சாதாழை (கடற்புல்), எங்க சேறு எண்டு உங்களுக்கே தெரியும், அதால நேர விசயத்துக்கு வாறன்.

1. திங்கள், புதன், சனி. இந்த மூண்டு ராத்திரியும் தான் எங்களைக் கொல்லுது. அந்தக் கரையில, தமிழ்நாட்டுப் பக்கம், இழுவைப் படகுகள் கடலுக்கு வெளிக்கிடுற நாள் இது. நண்டு வலை அடியில கிடக்கிற வலை, பின்னேரம் விட்டால் விடிய போய்த் தான் எடுக்கலாம், இழுவைப் படகின்ர மடி வலையும் அடியைத் தான் வழிச்சுக்கொண்டு வரும், பிறகென்ன, விடிய போனால் மிதவை ஒண்டு தனிய திரியும், அதில அறுந்த கயிறு ஒரு பாகம், மிச்ச வலை எங்க எண்டே தெரியாது. சில நேரம் துண்டு துண்டா அகப்படும், அதில இருக்கிற நண்டு ஓடு நொருங்கி கால் கழண்டு கிடக்கும், நண்டு வாங்கிற கம்பனி ஆக்கள் அதைத் தொடவும் மாட்டினம். கடைசியா எனக்குப் போனது புது வலை ஐயா, 4½ இஞ்சிக் கண், மனுசியின்ர சங்கிலியை அடைவு வச்சு வாங்கினது, அவவும் மகளும் முற்றத்தில இருந்து ஈயமும் மிதவையும் கட்டினவை, ஒரு கிழமை கூட தொழில் செய்யேல்ல. வலை இல்லை, வட்டி மட்டும் கட்டிறன்.

2. பயந்து அந்த மூண்டு நாளும் வீட்டில இருந்தால் கிழமையில பாதித் தொழில் போச்சு. நண்டு வராட்டி சதை பிரிக்கிற கம்பனியில எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கும் அண்டைக்குச் சம்பளம் இல்லை. அமெரிக்காவுக்குப் போற சாமான் அது, நாங்கள் ஒழுங்கா குடுக்காட்டி வாங்கிறவன் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எண்டு போயிடுவான், பிறகு ஆர் கூப்பிட்டாலும் திரும்பி வர மாட்டான்.

3. சட்டம் இல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கட நாட்டில 2017ல இழுவை மடியைத் தடை செய்தாச்சு, 2018ல வெளிநாட்டுப் படகுக்குத் தண்டப் பணமும் கூட்டியாச்சு. 2016ல ரெண்டு நாடும் சேர்ந்து மீனவர் பிரச்சினையைக் கதைக்கக் கூட்டுப் பணிக்குழுவும் போட்டது. அதில வெளியில வாற கதை எல்லாம் படகு பிடிச்சது, ஆக்களை விட்டது, அவ்வளவு தான். நண்டைப் பற்றி ஆராவது வாய் திறந்தவையோ? 2,000 இழுவைப் படகை ஆழ்கடல் தூண்டில் படகா மாத்துறம் எண்டு இந்தியா 2017ல திட்டம் போட்டது, எத்தினை மாத்தினது, மிச்சம் எப்ப எண்டு எங்கட பக்கத்தால ஆர் கேக்கிறது ஐயா? நாங்களா டெல்லிக்குப் போய்க் கேக்கிறது? நீங்கள் எழுதினால் தானே மேல போகும்!

4. சினை நண்டு வலையில வந்தால், அதுவும் சினை கறுத்துப் பொரிக்கிற பருவத்தில இருந்தால், எங்கட ஆக்கள் கனபேர் திருப்பி விடுகினம். ஒரு நண்டில லட்சக்கணக்கில முட்டை, குஞ்சு கிழமைக்கணக்கா நீரோட்டத்தோட போகும், நாங்கள் விட்டது பாம்பன் பக்கம் வளரலாம், அங்க விட்டது இஞ்ச வரலாம். ஒரு பக்கம் விட, மறுபக்கம் மடியில அள்ளினால் என்ன பிரயோசனம்? தமிழ்நாட்டில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுக்குத் தடை, அந்த நாளில எங்கட வலை தப்புது, தடை முடிஞ்ச கையோட பழையபடி தான். நண்டு சினை வைக்கிற காலத்தைப் பாத்து ரெண்டு கரைக்கும் ஒரே காலத்தில நண்டுக்கு ஓய்வு குடுங்கோ, நாங்களும் நிப்பாட்டுறம், மனசார சொல்லுறம், ஆனா அந்த நாளுக்கு அரிசி பருப்புக்கு வழி செய்யுங்கோ. ராமேஸ்வரம் பக்கம் நாட்டுப்படகில நண்டு பிடிக்கிற சனமும் எங்களைப் போல தான், அவையோட எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை, அவையையும் கூப்பிட்டுக் கதையுங்கோ.

5. எங்கட பக்கத்திலயும் தடை செய்த தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) ஓடுது. பிடியுங்கோ, மறிக்க மாட்டம்.

6. அடுத்த கூட்டுப் பணிக்குழுக் கூட்டத்தில நண்டைத் தனி விசயமா எடுக்கச் சொல்லி எழுதுங்கோ. பாக்கு நீரிணையில எவ்வளவு நண்டு இருக்கு, எவ்வளவு பிடிக்கலாம் எண்டு ரெண்டு நாடும் சேர்ந்து கணக்கெடுக்கட்டும், வங்காள விரிகுடா நாடுகளின்ர மீன்பிடி அமைப்பு சென்னையில இருக்கு, ரெண்டு நாடும் அதில உறுப்பு, அதுக்காலயாவது செய்விக்கலாம்.

7. அதுவரைக்கும் அந்த மூண்டு ராத்திரியும் கடற்படை ரோந்து. அறுந்த வலைக்கு நட்டஈடு. பொலிசில முறைப்பாடு போட்ட துண்டு ஒவ்வொரு வீட்டிலயும் கட்டா கிடக்கு, அதை எடுத்துக்கொண்டு நாங்கள் எங்க போறது ஐயா, எந்தக் கதவைத் தட்டுறது?

தயவுசெய்து பதில் தாங்கோ. ஏலாது எண்டாலும் எழுத்தில தாங்கோ. ஒரு திங்கள் ராத்திரி எங்கட கரைக்கு வாங்கோ, படகில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறம். வலையைக் காப்பாத்தித் தாங்கோ, நண்டைக் காப்பாத்தித் தாங்கோ எண்டு திரும்பவும் கேட்டுக்கொள்ளுறம்.

இப்படிக்கு,
நண்டுத் தொழில் செய்யிற குடும்பங்கள் சார்பாக