இமைத்தாளா, இல்லையா?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேகர்,

எழுதவில்லை என்று என்மேல் கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை கிடையாது; நீயும்தான் எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டது, லோக்கல் ரயில் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டுடியோவுக்கு ஒரு பழைய தமிழ்ப்படம் வந்திருக்கிறது. ஃபிலிம் சுருள் அழிந்தே போய்விட்டதாம். மிஞ்சியது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் டிசிபி மட்டும். தியேட்டருக்கு அனுப்புவார்களே, ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கிய படங்களின் வரிசை, அதுதான். டிஸ்க்கில் ஆங்காங்கே படிக்க முடியாத இடங்கள். படத்தின் பெயரைச் சொன்னால் சண்முகத்துக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும், சொல்லமாட்டேன்.

உனக்குத்தான் கணக்கு பிடிக்குமே, கேள். இதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாகச் சுருக்கப்பட்டது. ஒன்று கெட்டால் அடுத்ததுக்குப் பரவாது. போனில் பார்க்கிற வீடியோவில் ஒரு ஃபிரேம் போனால், அதை நம்பிப் பின்னால் வருகிறவையும் கோணிக்கொள்ளும். ஜேபெக் 2000-க்குள் இருக்கும் வேவ்லெட் என்ற கணக்கு முறை படத்தை ஐந்து தடவை பாதி பாதியாகச் சிறிதாக்கி, ஒவ்வொரு தடவையும் உதிர்கிற நுணுக்கத்தைத் தனியே எடுத்துவைக்கும். 2048-க்கு 1080 புள்ளி கொண்ட ஃபிரேம் கடைசியில் 64-க்கு 34 ஆகிவிடும். எல்லாவற்றையும் 32-க்கு 32 கட்டங்களாக வெட்டித் தனித்தனியே குறியேற்றுவார்கள். மிக மெல்லிய நுணுக்கத்தில் ஒரு கட்டம் போனால் திரையில் 64-க்கு 64 புள்ளி லேசாக மழுங்கும், ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குட்டிப் படத்தில் ஒரு கட்டம் போனால் 1024-க்கு 1024! ஏறத்தாழ பாதித் திரை.

கட்டத்துக்குள்ளும் முக்கியமான பிட்டுகள்தான் முதலில் வரும். நடுவில் கெட்டால், அதுவரை வந்ததை வைத்துக்கொண்டு மீதியை வீசிவிடலாம். சையதும் பேர்ல்மனும் 1996-இல் வெளியிட்ட இன்னொரு வேவ்லெட் சுருக்க முறையில் ஒரு பிட் புரண்டால் போதும், படம் முழுக்கவே அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. இந்தத் தனித்தனிக் கட்டங்களை யோசித்த டேவிட் டாப்மனுக்கு நம் மெஸ்ஸில் ஒரு முழுச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

பெரும்பாலான ஓட்டைகளை முன்பின் ஃபிரேமிலிருந்து எடுத்து அடைத்துவிட்டோம். ஒரு குளோசப்பில்தான் சிக்கல். கட்டங்களின் நீளத்தைச் சொல்லும் தலைப்புப் பகுதியிலேயே அடி. அதற்குப் பின்னால் வரும் நுணுக்கம் ஒன்றையும் படிக்க முடியவில்லை, அதுவும் தொடர்ச்சியாகச் சில ஃபிரேம்களில். கண் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது; திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. அவன் விடைபெற்றுப் போகிற காட்சி, சேகர். அவள் இமைக்கிறாளா என்பதில்தான் நடிப்பே இருக்கிறது.

முதலாளி ஏஐ கருவியை ஓடவிட்டார். கண்ணை வரைந்து தந்துவிட்டது, இமைக்காத கண். அழகாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். அசிங்கமாக இருந்தால் யாராவது கேட்பார்கள். "யாருக்குய்யா தெரியப்போகுது?" என்கிறார். எனக்குத் தெரியுமே! பக்கத்துப் புள்ளியிலிருந்து ஊகிப்பது வேறு, ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியதை இவள் முகத்தில் ஒட்டுவது வேறு. காப்பகப் பிரதியில் மங்கலாகவே விடலாம். திரையிடும் பிரதியில் வேண்டுமானால் அடைக்கலாம், எந்தெந்த ஃபிரேம் என்ற பட்டியலும் கூடவே போகவேண்டும் என்கிறேன். என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள்.

உன்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன்களையும் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பில் ஜேபெக் 2000-ஆகச் சேமிக்கலாம் அல்லவா? அங்கே நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி இருந்த கட்டம் கெட்டுப்போய், "நுரையீரல் வழக்கமாக இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு கருவி வழவழவென்று நிரப்பிவிட்டால்? உங்கள் பிரிவில் இதற்கு விதி ஏதாவது உண்டா? நிரப்பிய இடத்துக்கு அடையாளம் போடுவீர்களா, இல்லை படத்தையே தள்ளிவிட்டு மறுபடி எடுப்பீர்களா?

திங்கட்கிழமை முதலாளியோடு பேச உட்காருகிறேன். அதற்குள் எழுது. போன் பண்ணாதே, நீ பேச ஆரம்பித்தால் கிரிக்கெட்டில்தான் போய் முடியும்.

உன்,
ராமு