மண்ணைப் படிக்க எங்களை அனுப்புங்கள்: சுரங்க நிறுவனங்களின் பயிற்சித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவள, பயிற்சித் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பதினாறு ஆண்டுகளாகத் திறந்தவெளிச் சுரங்கங்களில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் பொறுப்பில் தொடங்கி இப்போது உதவி மேலாளர். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருக்கிற எங்களைச் சுரங்க ஜியோடெக்னிக்கல் பொறியியலில் முதுநிலைப் படிப்பு படிக்க அனுப்புங்கள். வேலையை விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். படித்து வந்தவர்களை அந்தப் படிப்புக்கு ஏற்ற பொறுப்பில் உட்கார வையுங்கள்.

வெட்டிய பாறையும் கொட்டிய மண்ணும் எந்தச் சாய்வில் நிற்கும், எப்போது நிற்காது என்று கணக்கிடுகிற துறை இது. இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், ஒரு மழைக்காலத்தில் டம்ப் (தோண்டிய கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த மேடு) மேலே டோசர் ஓட்டுநர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு விரிசலைக் காட்டினார். முதல் நாள் நூலளவு. மறுநாள் விரல் நுழைந்தது. மண் தானாக அமுங்குவதால் வந்த விரிசலா, மொத்த டம்பும் நகரத் தொடங்கிவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. பி.இ. படிக்கும்போது பாறை இயக்கவியல் என்று ஒரு பாடம் படித்ததோடு சரி. பயந்துபோய் மண் கொட்டும் டம்பர் லாரிகளை நிறுத்தினேன். உற்பத்தி ஏன் குறைந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பெய்த மழையில் டம்பின் முகப்பு அப்படியே இறங்கியது. கீழே யாரும் இல்லை. அப்புறம் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் நான் கணக்குப் போட்டு முடிவெடுக்கவில்லை, ஊகித்தேன். அடுத்த முறையும் என் ஊகம் பலிக்கும் என்று யார் உறுதி தருவது?

அந்த விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு குச்சி நட்டு, நாளுக்கு நான்கு முறை நாடாவால் அளந்திருந்தால் போதும் என்பது பிறகு நானாகப் படித்துத்தான் தெரிந்தது. நகரும் வேகம் நாளுக்கு நாள் குறைந்தால் மண் அமுங்கி அடங்குகிறது. வேகம் கூடிக்கொண்டே போனால், 1-ஐ அந்த வேகத்தால் வகுத்து நேரத்துக்கு எதிராக வரைபடம் போட வேண்டும். கோடு சுழியை நோக்கி இறங்கும். அது சுழியைத் தொடும் இடம்தான் ஏறத்தாழ சரிவு நடக்கும் நேரம். ஜப்பானைச் சேர்ந்த ஃபுகுசோனோ 1985-இல் சொன்ன முறை இது. ஆனால் எல்லா இடத்திலும் இதை நம்பிவிட முடியாது. கெட்டிப் பாறை முன்னறிவிப்பே இல்லாமல் உடையலாம். மழையில் வேகம் எடுத்துவிட்டுப் பிறகு அடங்குகிற மண்ணும் உண்டு. எந்த மண்ணில் இதை நம்பலாம், எதில் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் படிப்பு வேண்டும்.

2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் ஏறத்தாழ 15 கோடி டன் பாறை சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. நகர்வை முன்கூட்டியே கண்காணித்து ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள். 2016 டிசம்பர் 29 இரவு ஜார்க்கண்டின் லால்மட்டியா திறந்தவெளிச் சுரங்கத்தில் டம்ப் சரிந்து 23 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் மண்ணும் வேறு, சூழலும் வேறு, அதனால் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஆனாலும் யூட்டாவில் கருவி காட்டிய எண்ணைப் புரிந்துகொண்டு வேலையை நிறுத்தச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். சரிவின் நகர்வை அளக்கும் ரேடார் வாங்க நீங்கள் தயங்குவதில்லை, அதற்கு நன்றி. இரவு இரண்டு மணிக்கு அந்தத் திரையைப் பார்த்து முடிவெடுப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

வெளியிலிருந்து நிபுணர் குழு வந்து ஆய்வு செய்து அறிக்கை தருகிறது என்பீர்கள். சரி, அது தேவைதான். ஆனால் சுரங்கம் மாதந்தோறும் வடிவம் மாறுகிறது. அறிக்கை எழுதியபோது இருந்த பெஞ்ச் (படிக்கட்டு போல வெட்டிய தளம்) இன்று இல்லை.

தவிர, ஒவ்வோர் ஊர் மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. தொடர்ந்து பம்ப் செய்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே மேலே பொங்கிவிடும். கடினப் பாறைக்கு எழுதிய பாடத்தை அங்கே அப்படியே பொருத்த முடியாது. கோலார் தங்கவயலில் சிக்கலே வேறு. என் தாத்தா அங்கே பூமிக்கடியில் வேலை பார்த்தவர். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் அதிர்ந்தால் பாட்டி வாசலுக்கு வந்து நிற்பாராம். அந்த ஊரில்தான் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அங்கே பிறந்த அறிவு அணைகளுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் பயன்படுகிறது.

அதனால்தான், படிப்பவரின் ஆய்வேடு அவருடைய சொந்தச் சுரங்கத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பருவத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு வாரம் வகுப்பு, மற்ற நாளெல்லாம் வேலையிடத்திலேயே அளவீடும் கணக்கும். ஆஸ்திரேலியாவில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே இந்தத் துறையில் முதுநிலைப் படிப்பை இப்படி நடத்தியிருக்கிறார்கள். தன்பாத், காரக்பூர், சூரத்கல், கிண்டி என்று சுரங்கப் பொறியியல் துறைகள் நம்மிடமும் உண்டு. நீங்கள் கட்டணம் கட்டி ஆள் அனுப்பத் தயார் என்று கூட்டாகக் கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்றைக்கு எங்களில் பலர் இதைப் படிக்க முன்வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் மேலாளர் சான்றிதழ் வாங்கினால் பதவி வருகிறது. அதற்காக இரவு கண்விழித்துப் படிக்கிறோம். ஜியோடெக் படித்துவிட்டு வந்தவருக்கு அதே ஷிஃப்ட், அதே நாற்காலி. விடுப்பு கேட்டு நானும் இரண்டு முறை எழுதினேன். உற்பத்திக் காலம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதுநிலைக்குக் கீழே ஒரு சான்றிதழ் நிலையும் வையுங்கள், டிப்ளமோ படித்தவர்களும் சேரும்படி. எங்கள் ஓவர்மேன் (ஷிஃப்டில் வேலையை மேற்பார்வை பார்ப்பவர்) ஒருவர் பெஞ்சில் நடந்தாலே எங்கே நீர் கசிகிறது, எங்கே மண் உப்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருக்கிறது. ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் உள்ளன. அடுத்த ஆண்டுப் பயிற்சிப் பட்டியலில் முதல் பெயராக அவரைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு சுரங்க உதவி மேலாளர்